சிவப்பு மையைப் பிரித்துப் படியுங்கள்

கல்லூரிக் கட்டுரைப் பயிற்சி வகுப்பில் இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பதில் சொல்கிறார்கள்.

? இந்தப் பருவத்தில் ஆறு கட்டுரை எழுதிவிட்டேன். ஆறிலும் 20க்கு 11, 12தான். தாள் முழுக்கச் சிவப்பு மை. எதிலிருந்து தொடங்குவது?
— பி.காம். இரண்டாமாண்டு மாணவி, பெரம்பூர்

அந்த ஆறு தாள்களிலிருந்தே தொடங்குங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைப் பையில் செருகிவிட்டால், வகுப்பில் கிடைத்த பாடமும் பையிலேயே தங்கிவிடும்.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: கருத்து, வரிசை, எழுத்து. ஒவ்வொரு சிவப்புக் குறியையும் இதில் ஒன்றில் எழுதுங்கள். ‘விளக்கம் போதாது’ என்றால் கருத்து. ‘தொடர்பில்லை’ என்றால் வரிசை. ஒற்று, ண-ன, ர-ற எல்லாம் எழுத்து. ஐம்பது குறிகள் இருந்தாலும், திரும்பத் திரும்ப வருபவை பெரும்பாலும் நாலைந்து வகைதான். அடுத்த கட்டுரையில் அவற்றைத் துரத்தினால் போதும்.

திருத்தும்போது கருத்து முதலில், எழுத்து கடைசியில். ஒற்றுப் போட்டு அழகாக்கிய பத்தியை, அது வேண்டாத பத்தி என்று தெரிந்த பிறகும், நீக்க மனம் வராது.

600 சொல் கட்டுரைக்கு ஐந்து நாள் இருக்கிறது என்று வையுங்கள். முதல் நாள் நிறுத்தாமல் எழுதுங்கள். இரண்டாம் நாள் தொடாதீர்கள். மூன்றாம் நாள்தான் உண்மையான வேலை: ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொல்லில் குறியுங்கள். இரண்டு ஓரக்குறிப்புகள் ஒன்றுபோல் இருந்தால் ஒரு பத்தி போகட்டும். குறிப்பு எழுதவே வரவில்லையா? அங்கே இரண்டு விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன, பிரியுங்கள். முதல் பத்தியைக் கையால் மறைத்து, இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். ‘ஆதிகாலம் முதல் மனிதன்...’ என்று தொடங்கும் பத்தி இல்லாமலே கட்டுரை நன்றாக நிற்கும். நான்காம் நாள் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். எழுத்துப் பிழை ஐந்தாம் நாளுக்கு.

? ‘சென்னையின் தண்ணீர்ப் பிரச்சினை’ பற்றி எழுதினேன். ‘பொதுப்படை’ என்று ஒரே சொல்லில் திருப்பிவிட்டார்கள்.
— மாணவர், வியாசர்பாடி

அந்தத் தலைப்பு ஒரு புத்தகத்துக்கானது. 600 சொல்லில் அடைக்கப் பார்த்தால் ‘நீரின்றி வாழ்வில்லை’ என்பதுதான் மிஞ்சும். காலத்தையும் இடத்தையும் குறுக்குங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் உங்கள் தெருவுக்கு லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, வீட்டுக்கு எத்தனை குடம், வரிசையில் இடம் பிடித்தது யார்? தெருவில் நான்கு பேரைக் கேளுங்கள். பிறகு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அந்த மாத நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். 1896இல் திறந்த அந்த நூலகம், நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்துசேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. தெருவில் கேட்டதும் நாளிதழில் படித்ததும் எங்கே முரண்படுகிறதோ, கட்டுரை அங்கே இருக்கிறது.

? தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலக் கட்டுரையில் வாக்கியம் பாதியில் உடைகிறது.
— முதலாமாண்டு மாணவர், தாம்பரம்

இலக்கண அறிவு குறைவு என்று நினைக்காதீர்கள். சொல் வரிசைதான் மாறுகிறது. ‘பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கையில் பூக்கூடை வைத்திருந்த அம்மா எனக்கு வழி சொன்னார்’ என்பது தமிழில் இயல்பு. விவரமெல்லாம் பெயருக்கு முன்னால், வினை கடைசியில். ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது முதலில் வந்தாக வேண்டும். ஆகவே மனதில் வந்த தமிழ் வாக்கியத்தை முதலில் தமிழிலேயே உடையுங்கள்: ‘ஓர் அம்மா எனக்கு வழி சொன்னார். அவர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தார். கையில் பூக்கூடை.’ இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு இரண்டை இணையுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்துப் படித்து, தமிழ்க் கட்டுரையில் ‘அவர் ஒரு ஆசிரியர்’, ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். ‘அவர் ஆசிரியர்’, ‘ஆராய்ந்தார்கள்’ போதும்.

? ஒற்று எங்கே மிகும்? பட்டியல் நீளமாக இருக்கிறது.
— மாணவி, அம்பத்தூர்

முதலில் நான்கு இடம்: பாடத்தைப் படித்தேன், கடைக்குப் போனேன், அந்தப் பேருந்து, வேகமாகப் பேசினார். அதாவது ‘ஐ’, ‘கு’, ‘அந்த-இந்த-எந்த’, ‘ஆக’. ‘வந்த பையன்’, ‘படித்த கதை’ போன்றவற்றில் போடாதீர்கள். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. ‘படித்துப் பார்’, ‘கேட்டுச் சொல்’ மிகும். ‘செய்து பார்’, ‘வந்து போ’ மிகாது. கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் இருக்கிறதா என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

? தோழியிடம் படிக்கக் கொடுத்தால் ‘நல்லா இருக்குடி’ என்கிறாள்.
— மாணவி, மயிலாப்பூர்

எப்படி இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பென்சிலைக் கையில் கொடுத்து, எந்த வரியில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது, எதை நம்ப முடியவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். அவள் சொல்வது நீங்கள் நினைத்ததிலிருந்து விலகியிருந்தால், அவளுக்கு விளக்க வேண்டாம். அந்த விளக்கத்தைக் கட்டுரையில் எழுதுங்கள்.