ஒட்டுவதா, கட்டுவதா?

பழைய சாமானில் சிற்பம் செய்கிறவர்களின் கேள்விகளுக்கு, லேத் பட்டறையில் வளர்ந்த உங்கள் அக்காவின் பதில்கள்.

சைக்கிள் செயின், பித்தளைக் குழாய், ஓடாத அலாரம் கடிகாரம் எல்லாம் போட்டு ஒரு மயில் செய்தேன் அக்கா. தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசையில்தான் ஒட்டினேன். தோகை நிற்கவே மாட்டேன் என்கிறது. இன்னும் கெட்டியான பசை எது?
– வாசகி, திருப்பூர்

பசை மேல் பழி போடாதீர்கள். அது மரத்துக்கும் அட்டைக்கும் ஆனது. அதிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சிக்கொண்டால்தான் இறுகும். செயின் எங்கே உறிஞ்சப்போகிறது? போதாக்குறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேறு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் காயவையுங்கள். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூப்பில் வரும் எபாக்சியைக் கலந்து பூசி, மறுநாள் வரை கை வைக்காமல் இருங்கள்.

என்னைக் கேட்டால் தோகைக்குப் பசையே வேண்டாம். செயினில்தான் கண்ணிக்குக் கண்ணி இடுக்கு இருக்கிறதே, கம்பியை நுழைத்து முறுக்கிவிடுங்கள். கானாவில் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த சிற்பி எல் அனட்சுயியின் வேலையே இதுதான். மது பாட்டில் மூடிகளைத் தட்டி, மடித்து, ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டுவார். ஆயிரக்கணக்கான மூடிகள் சேர்ந்து சுவரில் தொங்கும்போது பட்டுச்சேலை மாதிரி மடிப்பு விழும். பசையில் ஒட்டியிருந்தால் விழுமா? எப்படித் தொங்கவிடுவது என்பதைக்கூட மாட்டுகிறவர்களிடமே விட்டுவிடுவார். 2015ல் வெனிஸ் பியனாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது.

மொட்டை மாடியில் வைக்க ஒரு கொக்கு. அலுமினியப் பாத்திரங்களைச் செம்புக் கம்பியால் கட்டலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

உங்கள் ஊரில் வேண்டவே வேண்டாம். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். கட்டின இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, ஓட்டை பெரிதாகி, ஒருநாள் கழன்றுவிடும். ‘அனட்சுயியும் அலுமினிய மூடியைச் செம்பால்தானே கட்டுகிறார்?’ என்பீர்கள். அவருடையவை பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருப்பவை. நீங்கள் அலுமினிய ரிவெட் அடியுங்கள்.

கொக்குக்கு ஒற்றைக்கால் என்றால் அடியில் கனம் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கிற ஆட்டுக்கல் இருந்தால், குழியில் கம்பியை நிறுத்திச் சிமெண்ட் ஊற்றிவிடுங்கள். சாதாரணக் காற்றுக்கு அசையாது. மாடிக்கு ஏற்றுவதுதான் உங்கள் கவலை.

காயலான் கடையில் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?
– வாசகர், சேலம்

கியர், ஸ்பிரிங், கீல், தேய்ந்த ஸ்பேனர் எல்லாம் தாராளமாக எடுங்கள். டியூப்லைட் வேண்டாம், உள்ளே பாதரசம். பழைய லாரி பேட்டரியும் வேண்டாம், ஈயமும் அமிலமும். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பலர் ஏமாறுவது துத்தநாகம் பூசின வாளியிலும் ஜி.ஐ. பைப்பிலும். அதை வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்கவேண்டியதுதான். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள் பட்டறைக்காரர்கள். பால் எதையும் தடுக்காது. போல்ட் போட்டு முடுக்குங்கள், போதும்.

உடைந்த கண்ணாடி வளையலும் பீங்கானும் டப்பா டப்பாவாகச் சேர்த்திருக்கிறேன். பேரன் குப்பை என்கிறான்.
– வாசகி, காரைக்குடி

அம்மா, பேரனைச் சண்டிகருக்குக் கூட்டிப்போங்கள். நேக் சந்த் அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். நகரம் கட்ட இடித்த ஊர்களின் உடைசலைச் சைக்கிளில் கொண்டுபோய், அரசாங்கக் காட்டுக்குள் 1957லிருந்து ஒருவருக்கும் தெரியாமல் ஒரு தோட்டமே செய்தார். கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. 1976ல் அந்தத் தோட்டம் ராக் கார்டன் என்று திறந்தது, 1984ல் பத்மஸ்ரீ. அவருடைய பொம்மைப் பெண்களுக்கு உடுப்பே வளையல் துண்டுதான்.

கம்பிக்கூடு கட்டி, சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் வளையலைப் பாதிக்கு மேல் அமுக்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. வெட்டு முனை வெளியே நிற்கக்கூடாது. உங்கள் பக்கம் பழைய வீடு இடிக்கிற இடத்தில் ஆத்தங்குடிக் கல் உடைசல் கிடைக்குமே, தண்ணீரில் நனைத்துப் பதியுங்கள். சிமெண்டில் செய்த கல்தானே, நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட் அடித்துவிடலாமா?
– வாசகர், மதுரை

நியூயார்க்கில் லூயிஸ் நெவல்சன் என்கிற சிற்பி, தெருவில் கிடந்த மரச்சாமான் துண்டுகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி முழுக்கக் கறுப்படித்தார். நிறம் போய் நிழல் மட்டும் தெரிந்தது. மரத்துக்கு அது எடுபட்டது. பித்தளையும் இரும்பும் கலந்து வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் மூடுகிறீர்கள்? துருவைத் தேய்த்து மெழுகு பூசுங்கள். வெளியில் நிற்கப்போகிற இரும்புக்கு மட்டும் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட்டு மேலே பெயிண்ட்.