முதல் ஏலத்தில் எவ்வளவு போடலாம்? சிஎஸ்கேயின் முதல் நான்கு சீசன் கணக்கு

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் எட்டு அணிகளோடு லெதர் பால் டி20 லீக் தொடங்குகிறோம். அணிக்கு 10,000 புள்ளி, 15 பேரை எடுக்க வேண்டும், அடிப்படை விலை 200. வெளி மாவட்ட வீரர்கள் அணியில் ஐந்து பேர் இருக்கலாம், களத்தில் மூன்று பேர்தான் ஆடலாம். மூன்றாம் வருடம் மறு ஏலம், அப்போது இருவரைத் தக்கவைக்கலாம். "சிஎஸ்கே தோனியை எடுத்த மாதிரி ஒரு பெரிய ஆளைப் பிடி, மீதியை ஒப்பேற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள் நண்பர்கள். இது சரிவருமா?

பதில்: சரிவராது. சிஎஸ்கே (சென்னை சூப்பர் கிங்ஸ்) அப்படிச் செய்யவும் இல்லை. தோனி வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு அடுத்த பத்துப் பேர் எப்படி வந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாதிதான். ஆனாலும் தோனியில் இருந்தே தொடங்குவோம், அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணியும் செலவழிக்கக்கூடிய தொகைக்கு, அதாவது பர்ஸுக்கு, உச்சவரம்பு 50 லட்சம் டாலர். தோனி போன விலை 15 லட்சம் டாலர், அதாவது பர்ஸில் 30 சதவீதம். அவருக்காகச் சென்னையோடு கடைசி வரை மல்லுக்கட்டியது மும்பை. மும்பைக்கு அப்போது சச்சின் 'ஐகான்' வீரர், அதாவது ஏலம் இல்லாமலே சொந்த ஊர் அணிக்குக் கொடுக்கப்பட்ட நட்சத்திரம். அணியிலேயே அதிக விலைக்கு எடுக்கப்படும் வீரரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. ஆக, தோனிக்கு மும்பை ஏற்றிக் கேட்கும் ஒவ்வொரு டாலருக்கும் அவர்கள் பர்ஸில் இருந்து 2.15 டாலர் போகும். 15 லட்சத்துக்கு எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம், இருவருக்கும் சேர்த்து 32.25 லட்சம். மீதி 18 லட்சத்துக்கும் குறைவு. கடைசியில் மும்பையின் விலை உயர்ந்த வாங்கல் ஜெயசூர்யா, 9.75 லட்சம். அதனால் சச்சினுக்கு 11,21,250 டாலர். கால்குலேட்டரில் 1.15-ஆல் பெருக்கிப் பாருங்கள், அச்சு அசலாக அதே எண் வரும்.

சென்னைக்கு ஐகான் இல்லை. அதனால் அவர்களுக்கு ஒரு டாலர் ஒரு டாலராகவே இருந்தது. ஏலத்தில் துணிச்சல் என்று நாம் பார்ப்பதில் பாதி, விதிப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்ததுதான். உங்கள் லீக்கில் 'ஓனர் பிளேயர்', 'லோக்கல் ஸ்டார்' என்று ஏதாவது சலுகை இருந்தால், அது யாருடைய பர்ஸை எத்தனை மடங்கு கரைக்கும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். எதிரணிகளுக்கும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது உங்கள் 10,000. எந்த நேரத்திலும் நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்சம்: கையிருப்பில் இருந்து, இந்த ஆளைத் தவிர இன்னும் எடுக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையை 200-ஆல் பெருக்கிக் கழித்தது. முதல் ஆளுக்கு 10,000 - (14 × 200) = 7,200. இது விதி அனுமதிக்கும் எல்லை. புத்தி அனுமதிக்கும் எல்லை 3,000. அதற்குள் முடித்தால் மீதி 14 பேருக்குத் தலா 500 வரும். 4,500 கொடுத்து ஒருவரை எடுத்தால் தலா 390 சொச்சம்தான். 500-க்கும் 390-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். உள்ளூர் ஏலத்தில் நல்ல ஐந்தாவது பவுலரும் உருப்படியான ஆறாம் நம்பர் பேட்ஸ்மேனும் போகிற விலையே அந்த இடைவெளியில்தான் இருக்கும்.

30 சதவீதம் கொடுக்கிற ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? தோனி ஒரே சம்பளத்தில் மூன்று வேலை பார்த்தார்: கேப்டன், கீப்பர், கடைசி ஓவர்களின் பேட்ஸ்மேன். வெறும் ஓப்பனருக்கு 3,000 கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு அடித்தாலும் சரி. இரண்டாவது பந்தில் அவுட்டானால், அதற்குப் பிறகு எதிரணி ஆடும் 20 ஓவருக்கு அவர் ஒரு ஃபீல்டர், அவ்வளவுதான்.

அடுத்த படிதான் முக்கியம். ரெய்னா 6.5 லட்சம், முரளிதரன் 6 லட்சம், அதாவது பர்ஸில் 12, 13 சதவீதம். ரெய்னாவுக்கு அப்போது 21 வயது. முதல் நான்கு சீசனிலும் ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடினார். ரன் கணக்கு 421, 434, 520, 438. அவரைவிட விலை அதிகமான வீரர்கள் அந்த ஏலத்தில் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. நான்கு வருடம் இப்படித் தேதி தவறாமல் பலன் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் பர்ஸை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: ஒருவருக்கு 3,000 வரை, அடுத்த மூவருக்குச் சேர்த்து 3,300, அடுத்த நால்வருக்கு 2,000, கடைசி ஏழு பேருக்கு 1,700. அந்த மூவரில் ஒருவராவது 23 வயதுக்குக் கீழ், சீசன் முழுக்க ஊரில் இருக்கும் ஆளாக இருக்கட்டும்.

சீசன் முழுக்க இருப்பது. புது அணிகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். சிஎஸ்கேயும் விட்டது, இரண்டு முறை.

2008 ஏப்ரல் 19, மொஹாலி. முதல் ஆட்டத்திலேயே 240 ரன், மைக் ஹஸ்ஸி 54 பந்தில் 116 நாட் அவுட். தொடர்ந்து நான்கு வெற்றி. அதன் பிறகு ஹெய்டன், ஹஸ்ஸி, ஓரம் மூவரும் தங்கள் நாட்டு அணிகளுக்காகக் கிளம்பினார்கள். அடுத்த மூன்று ஆட்டமும் தோல்வி. ஃபிளெமிங், பார்த்திவ் பட்டேல் என்று புதிதாக ஓப்பனிங்கை ஒட்டவைத்து, எட்டு வெற்றியோடு மூன்றாம் இடம் பிடித்து, ஃபைனலில் ராஜஸ்தானிடம் கடைசிப் பந்தில் தோற்றார்கள். மறு வருடம் இங்கிலாந்து ஆல்ரவுண்டர் ஃபிளிண்டாஃப். 15.5 லட்சம் டாலர், அந்த ஏலத்தில் பீட்டர்சனோடு சமமாக உச்ச விலை. மூன்றே ஆட்டம் ஆடி முழங்கால் காயத்தோடு ஊருக்குப் போனார். கையில் எவ்வளவு வாங்கினார் என்பது வேறு விஷயம். ஏல விலையை ஆடிய ஆட்டத்தால் வகுத்தால், ஆட்டத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அவருக்காக அடைபட்டிருந்தது.

ஆகவே விலையை வைத்து ஒப்பிடாதீர்கள், ஆட்டத்துக்கான விலையை வைத்து ஒப்பிடுங்கள். 14 ஆட்டமும் வருகிற 700 புள்ளி ஆள், ஆட்டத்துக்கு 50. ஐந்து ஆட்டம் மட்டும் வருகிற 500 புள்ளி ஆள், ஆட்டத்துக்கு 100. மலிவு என்று நினைத்து எடுத்தவர்தான் இரு மடங்கு விலை. ஏலத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் நான்கு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: செமஸ்டர் தேர்வுத் தேதி, வேலையில் ஷிஃப்ட் உண்டா, ரயில்வே, போலீஸ் மாதிரி துறை அணிக்கு ஆடுகிறாரா, இதே தேதியில் வேறு டோர்னமென்ட்டுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாரா. 'வந்துடுவேண்ணே' என்ற பதிலை 'வரமாட்டேன்' என்று குறித்துக்கொள்வது உத்தமம். வெளி மாவட்ட ஐந்து பேரை எடுக்கும்போது மூன்று பேரை வெவ்வேறு வேலைக்கும், மீதி இருவரை அந்த மூவரில் யார் முதலில் கழன்றுகொள்ளக்கூடும் என்று பார்த்து அவர்களுக்கு மாற்றாகவும் எடுங்கள். ஐந்து பேரும் ஓப்பனர் என்றால் மூன்றாவது வாரத்தில் முழிப்பீர்கள்.

இனி கடைசி ஏழு பேர், 1,700 புள்ளி. ஒப்பேற்றுகிற இடம் என்று உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான். சிஎஸ்கேயின் முதல் கோப்பையை வென்றுகொடுத்ததில் பாதி இந்த வரிசையில் இருந்து வந்தது. இந்திய அணிக்கு ஆடாத வீரர்கள் அன்று ஏலத்துக்கு வெளியே ஒப்பந்தம் ஆவார்கள், சொந்தப் பகுதி வீரர்கள் சிலர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் இருந்தது. பத்ரிநாத், அஸ்வின், முரளி விஜய் எல்லாம் சென்னை டிவிஷன் லீக்கில் ஆண்டுக்கணக்காக ஆடியவர்கள். அணியை வாங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் அதே லீக்கில் பல வருடமாக அணிகள் நடத்திய நிறுவனம். யார் எந்தப் பிட்ச்சில் என்ன செய்வார் என்பது அவர்களுக்குப் புள்ளிவிவரம் இல்லாமலே தெரியும். உங்களுக்கு அதற்கு ஈடானது உங்கள் மாவட்ட லீக்கின் ஸ்கோர் புத்தகம். கடைசி இரண்டு வருடப் புத்தகத்தைக் கடன் வாங்குங்கள். செஞ்சுரிகளைத் தேடாதீர்கள், அவை எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும், விலையும் ஏறியிருக்கும். 7-வது ஓவரில் இருந்து 15-வது ஓவர் வரை வீசி ஓவருக்கு 6-க்குள் கொடுத்தவர்களைத் தேடுங்கள். விக்கெட் கணக்கில் பெயர் இருக்காது, 200-க்கே கிடைப்பார்கள். 2010 சீசனில் அஸ்வினும் இப்படிச் சிக்கனமாகத்தான் வீசினார்: 13 விக்கெட், ஓவருக்கு ஆறு ரன்னுக்குச் சற்று மேல்.

பிட்ச்சும் இதோடு சேர்ந்தது. உங்கள் ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே மைதானத்தில் என்றால், அந்த மைதானத்துக்குத்தான் அணி. மேட்டிங் என்றால் பந்து எழும்பும், உயரமான வேகப்பந்து வீரர்கள் இருவர் போதும், மீதியைக் கட்டர் (பிட்ச்சில் பட்டதும் திசை மாறும் வேகப்பந்து) வீசுபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மண் பிட்ச் காய்ந்து கிடக்கும் என்றால் மூன்று ஸ்பின்னர். சேப்பாக்கத்துக்கு முரளிதரன், அஸ்வின், ஜகாதி என்று சிஎஸ்கே வைத்திருந்த கணக்கு இது. ஆனால் உடனே பலிக்கும் என்று நினைக்காதீர்கள். 2010-ல் சொந்த மண்ணிலேயே மூன்று தோல்வி. 2011-ல்தான் அங்கே ஆடிய எட்டு ஆட்டத்திலும் வெற்றி, எட்டாவது ஃபைனல். அந்த ஃபைனலில் முதல் ஓவரை அஸ்வினிடம் கொடுத்தார் தோனி. எதிரே சீசனில் 600 ரன்னுக்கு மேல் குவித்திருந்த பெங்களூரின் இடக்கை ஓப்பனர் கெய்ல். நான்காவது பந்து, கீப்பரிடம் கேட்ச், ரன் பூஜ்யம். இடக்கை அடிதடி ஆளுக்கு ஆஃப் ஸ்பின்னரைப் புதுப் பந்தோடு விடுவது உங்கள் லீக்கிலும் எடுபடும். அதற்குப் புதுப் பந்தில் ஏற்கனவே பழகிய ஸ்பின்னர் வேண்டும். வலைப் பயிற்சியில் அவருக்கு எப்போதும் தேய்ந்த பந்தையே கொடுத்துவிட்டு, ஆட்டத்தன்று புதிதைக் கொடுத்தால் ஃபுல் டாஸாக விழும்.

சீசன் நடுவில் தோற்கத் தொடங்கினால்? 2010-ல் முதல் ஏழு ஆட்டத்தில் சிஎஸ்கேக்கு இரண்டே வெற்றி. காயத்தால் தோனி சில ஆட்டங்கள் இல்லை, ரெய்னா கேப்டன். அந்த நிலையில் எந்த ஓனருக்கும் பாதி அணியை மாற்றத்தான் கை துறுதுறுக்கும். அவர்கள் பேட்டிங் வரிசையைப் பெரிதாகக் கலைக்கவில்லை. ஓட்டை வேகப்பந்தில் இருந்தது, அதை அடைக்க ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டக் போலிஞ்சர் பாதியில் வந்து சேர்ந்தார். எட்டு ஆட்டத்தில் 12 விக்கெட், செமி ஃபைனலில் டெக்கான் சார்ஜர்ஸுக்கு எதிராக 13 ரன்னுக்கு 4. லீக் சுற்று முடிவில் ஏழு வெற்றி, ஏழு தோல்வி. 14 புள்ளியில் நான்கு அணிகள் நின்றன, ரன் ரேட்டில்தான் உள்ளே போனார்கள். கோப்பையும் வந்தது. ஆகவே தோற்கும்போதும் ரன் ரேட்டை விடாதீர்கள். 60 ரன்னில் தோற்பதும் 15 ரன்னில் தோற்பதும் பட்டியலில் ஒன்றல்ல. நீங்களும் 500 புள்ளியைச் சீசன் நடுவில் ஆள் சேர்க்க ஒதுக்கலாம், விதி அனுமதித்தால் மட்டும். அனுமதி இல்லையென்றால் மிச்சம் வைக்கும் புள்ளி வீண்.

மூன்றாம் வருட மறு ஏலத்தில் யாரை வைத்துக்கொள்வது? 2011-க்கு முன் சிஎஸ்கே தோனி, ரெய்னா, விஜய், ஆல்பி மார்க்கெல் நால்வரைத் தக்கவைத்தது. அதற்காகப் பர்ஸில் பிடிக்கப்பட்டது முறையே 18, 13, 9, 5 லட்சம் டாலர், ஆக 90 லட்சம் பர்ஸில் சரிபாதி. அஸ்வினை ஏலத்தில் விட்டுவிட்டு 8.5 லட்சத்துக்குத் திரும்ப வாங்கினார்கள். பத்ரிநாத் 8 லட்சம், போலிஞ்சர் 7 லட்சம். மூன்றாவது தக்கவைப்புக்குப் பிடிக்கப்படும் தொகையைவிட அஸ்வினை வாங்கிய விலை குறைவு என்பதைக் கவனியுங்கள். தக்கவைக்க வேண்டியது நம்முடைய நல்ல வீரர்களை அல்ல, ஏலத்துக்குப் போனால் பிடித்த தொகையைவிட விலை ஏறிவிடக்கூடிய வீரர்களை. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் பர்ஸைத் தொலைக்கிறார்கள். இந்தச் சூதாட்டத்தில் ஆபத்தும் உண்டு, முரளிதரன் அந்த ஏலத்தில் கொச்சிக்குப் போய்விட்டார்.

ஏலத்தன்று மேஜையில் மூன்று பேர் போதும். ஒருவர் கை தூக்க, ஒருவர் மேலே சொன்ன அதிகபட்சத்தை ஒவ்வொரு வாங்கலுக்குப் பிறகும் திருத்தி எழுத, மூன்றாமவர் மற்ற ஏழு அணிகளின் மீதிப் பர்ஸையும் காலி இடங்களையும் குறிக்க. கடைசி நாற்பது வீரர்கள் வரும்போது இந்த மூன்றாமவரின் தாள்தான் வேலை செய்யும். எதிரணியின் அதிகபட்சம் 450 என்று தெரிந்தால், 460-க்கு அந்த ஆள் உங்களுடையவர்.