சீனக்குடாவில் ஹரிக்கேன் ஏன் தோற்றது?

அன்புள்ள ஐயா,

1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை மீது ஜப்பானியர் நடத்திய குண்டுவீச்சைப் பற்றி எங்கள் பாடசாலையில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். பிரித்தானியச் சண்டை விமானமான ஹரிக்கேன், ஜப்பானியச் சண்டை விமானமான சீரோ இரண்டினதும் மாதிரிகளுக்கு விளக்கப்பலகை எழுதுவது என் பொறுப்பு. "சீரோ நல்ல விமானம், ஹரிக்கேன் பழசு, அதனால் தோற்றது" என்று எழுதச் சொல்கிறார்கள். ஆனால் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் 261ஆம் ஸ்குவாட்ரன் என்ற ஹரிக்கேன் படையணிக்குத் தலைமை தாங்கிய ஆல்பர்ட் ஜெரால்ட் லூயிஸ் ஐரோப்பாவில் 18 விமானங்களை வீழ்த்தியவர் என்று வாசித்தேன். அவரையே அன்று வீழ்த்திவிட்டார்களே? பிழை விமானத்திலா, விமானியிலா? எண்ணெய்த் தாங்கியில் மோதியது தற்கொலை விமானம் என்கிறார்களே, அது சரியா?

ஒரு மாணவன், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

லூயிஸிலிருந்தே தொடங்குவோம், விடையின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. தென்னாபிரிக்காவைச் சேர்ந்த அவர், 1940 மே மாதம் பிரான்சிலும் பிறகு இங்கிலாந்திலும் ஹரிக்கேனில் பறந்தே அந்த 18ஐச் சேர்த்தவர். சீனக்குடாவில் அவர் அடிபட்டது ஓடுபாதையிலிருந்து மேலெழுந்துகொண்டிருந்தபோது. அந்த நிலையில் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. திரும்பவோ பாய்ந்து தப்பவோ வழியே கிடையாது. காயத்தோடு மிகத் தாழ்விலேயே பரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். எத்தனை விமானம் வீழ்த்தியவர் என்ற கணக்கு அந்த விநாடியில் எதற்கும் உதவாது.

எனவே பலகையில் முதல் காரணமாக உயரத்தை எழுதுங்கள். ஹரிக்கேன் 6,000 மீட்டர் ஏற எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கும். அன்று ராடர் எச்சரிக்கை கிடைத்தது உண்மை. நான்கு நாட்களுக்கு முன் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அதுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் எதிரே வந்தவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ‘கேட்’ என்று நேச நாட்டார் பெயரிட்ட 91 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களும், அவற்றுக்குக் காவலாக நாற்பதளவு சீரோக்களும். ஏறிக்கொண்டிருக்கும்போதே சண்டையில் மாட்டியவர்கள் அடிவாங்கினார்கள். ஏற்கெனவே ரோந்தில் மேலே நின்ற மூன்று ஹரிக்கேன்களோ சீரோக்கள் மீது மேலிருந்து பாய்ந்தன. அவை இரண்டு சீரோக்களை வீழ்த்தியதாகப் பதிவு இருக்கிறது. அதே விமானம், அதே ஸ்குவாட்ரன், அதே காலைப்பொழுது. "ஹரிக்கேன் பழசு" என்ற வாக்கியத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

அடுத்தது விமானிகளின் பழக்கம். ஐரோப்பாவில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 பின்னால் வந்தால் ஹரிக்கேன் விமானி இறுக்கி வட்டமடிப்பார். ஜெர்மன் விமானத்தால் அந்த வட்டத்துக்குள் வர முடியாது. பலர் உயிர் பிழைத்தது அந்தப் பாடத்தால். அதே பாடத்தைச் சீரோவிடம் காட்டினால் சாவு. ஏனென்று உங்கள் மாதிரிகளை வைத்தே விளக்கலாம். இரண்டினதும் இறக்கைப் பரப்பு ஏறக்குறைய ஒன்று: சீரோவுக்கு 22.4 சதுர மீட்டர், ஹரிக்கேனுக்கு 23.9. எடைதான் வேறு. அந்த நாள் சீரோ போருக்குக் கிளம்பும்போது சுமார் 2,400 கிலோ, ஹரிக்கேனின் 2B என்ற வகை 3,300 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை சீரோவில் 107 கிலோவைத் தாங்குகிறது, ஹரிக்கேனில் 140 கிலோவளவைத் தாங்குகிறது. சுமை குறைந்த இறக்கை குறைந்த வேகத்திலும் சிறிய வட்டம் போடும். இரண்டு மூன்று சுற்றுக்குள் சீரோ வாலுக்குப் பின்னால் வந்துவிடும்.

அந்த 900 கிலோ எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். சீரோ விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை. எரிபொருள் தாங்கிக்கு, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் இரப்பர் உறையும் இல்லை. சில ரவைகள் பட்டாலே தீப்பிடிக்கும். எஞ்சினும் 950 குதிரைவலு அளவுதான். ஹரிக்கேன் 2இன் மெர்லின் எஞ்சின் அதைவிட வலியது, ஆனால் இழுக்க வேண்டிய பாரமும் கூட.

சுடும் ஆயுதத்தில் இரண்டுக்கும் குறை உண்டு. சீரோவின் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்கும் தலைக்கு 60 குண்டுகள்தான், ஏழு விநாடியில் தீர்ந்துவிடும். அவற்றின் குண்டு மெதுவாகப் போவதால், மூக்கிலுள்ள 7.7 மில்லிமீட்டர் துப்பாக்கிகளின் ரவை போகும் பாதையில் அது போகாது. நெருங்கிச் சுட்டால்தான் இரண்டும் ஒரே இடத்தில் படும். ஹரிக்கேன் 2Bயில் பன்னிரண்டு துப்பாக்கிகள், ஏறக்குறைய 15 விநாடிக்கு ரவை. ஒவ்வொரு ரவையும் சிறியது, ஆனால் கவசமில்லாத சீரோவுக்கு அதுவே போதும்.

சீரோவை வெல்லும் முறை கடினமானதல்ல. மேலிருந்து வேகமாகப் பாய்ந்து ஒருமுறை சுட்டுவிட்டு, அதே வேகத்தில் கீழே விலகிப் போய், தூரத்தில் மறுபடி ஏற வேண்டும். வட்டமடிக்கவே கூடாது. மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல் சீரோவின் இறக்கைமுனைச் செட்டைகள் இறுகி, அது உருள்வதற்குத் திணறும். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் அதன் எஞ்சின் எரிபொருள் கிடைக்காமல் விக்கும். இதெல்லாம் உறுதியாகத் தெரிய வந்தது, 1942 ஜூலையில் அலூசியன் தீவான அக்குட்டானில் ஏறக்குறைய முழுதாகக் கிடைத்த ஒரு சீரோவை அமெரிக்கர் திருத்திப் பறக்கவிட்ட பின்னர்தான். அந்த விமானம் ரியூஜோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலுக்குரியது. சீனக்குடா எரிந்த அதே ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் நின்று விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியதும் ரியூஜோவின் விமானங்களே. சீனக்குடா விமானிகளுக்கு இந்த அறிவு சில மாதம் பிந்திவிட்டது. எட்டு ஹரிக்கேன்கள் போயின. இதை அவர்களின் கோழைத்தனமாகவோ திறமைக் குறைவாகவோ யாரும் பேசினால் எனக்குப் பொறுக்காது.

விமானம் வீழ்த்திய கணக்குகளைப் பலகையில் போடுவதென்றால் கவனம் தேவை. ஒரே விமானத்தை மூவர் சுட்டு மூவரும் தமதென்று சொல்வார்கள். பாய்ந்து தப்பும் விமானத்தின் புகையைப் பார்த்து விழுந்துவிட்டது என்று எழுதுவார்கள். கொழும்புத் தாக்குதலில் ஜப்பான் இழந்தது 7 விமானம், பிரித்தானியர் அறிவித்தது அதன் இரண்டு மடங்குக்கும் மேல். ஜப்பானியரும் அப்படியே கூட்டிச் சொன்னார்கள். ஆகவே இழப்புக் கணக்கை எப்போதும் இழந்தவனின் பதிவிலிருந்து எடுங்கள்.

எண்ணெய்த் தாங்கியைப் பற்றி: "கமிக்காசே" என்று எழுத வேண்டாம். அந்தப் பெயர் கொண்ட தற்கொலைத் தாக்குதல் படை 1944 ஒக்டோபரில் பிலிப்பைன்ஸில் அமைக்கப்பட்டது. அடிபட்டு இனித் திரும்ப முடியாது என்ற நிலையில் விமானத்தை எதிரியின் மேல் விடும் வழக்கம் ஜப்பானிய விமானிகளிடம் அதற்கு முன்பே இருந்தது, அது வேறு. "ஜப்பானிய விமானம் ஒன்று தாங்கியில் விழுந்து எரிந்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதிரியில் ஒரு திருத்தம். வெப்பநாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களுக்கு மூக்கின் கீழ் பெரிய தூசு வடிகட்டி இருக்கும். உங்கள் பெட்டியில் அந்த உறுப்புத் தனியாக இருந்தால் ஒட்டிவிடுங்கள். அது காற்றைத் தடுத்து வேகத்தையும் குறைத்தது என்று ஒரு வரி சேர்க்கலாம்.