வால்பரைசோவுக்கு ஒரு சனி, ஞாயிறு: கேள்வி பதில்

சிலியின் தலைநகர் சான்டியாகோவில் வேலைக்காகத் தங்கியிருக்கும் நம்மவர்கள், வண்ண வீடுகளுக்குப் பேர்போன துறைமுக நகரமான வால்பரைசோவுக்குப் போய்வருவது பற்றிக் கேட்டவை.

அண்ணா, என்னிடம் கார் இல்லை. எங்கே பஸ் ஏறுவது?

மெட்ரோ 1-ஆம் தடத்தில் பஹாரித்தோஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள். பஸ் நிலையம் ஒட்டியே இருக்கிறது. துர்பஸ், புல்மன் என்ற இரண்டு நிறுவனங்களின் பஸ்களும் அடிக்கடி கிளம்பும். அலமேடா நிலையத்திலும் ஏறலாம், ஆனால் அங்கிருந்து நகர நெரிசலைத் தாண்டவே நேரம் போய்விடும். ஏறத்தாழ 120 கி.மீ., ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

போவது சுலபம், திரும்புவதில்தான் சிக்கல். ஞாயிறு மாலை 68-ஆம் நெடுஞ்சாலை முழுக்கத் தலைநகர் திரும்பும் கார்கள்தான். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள். கைப்பையை மேல்தட்டில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ் புறப்படும் முன்னாலேயே பை காணாமல் போவதுண்டு.

மேப்பில் ஊர் சின்னதாகத் தெரிகிறது. நடந்தே சுற்றிவிடலாமா? ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி.

மேப் உயரத்தைக் காட்டாது, இந்த ஊரில் எல்லாமே உயரம்தான். கடலோரமாக ஒரு சமதளப் பட்டை, அதை ‘பிளான்’ என்பார்கள். அதன் முதுகில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள். மேப்பில் 300 மீட்டர் என்பது நேரில் செங்குத்துப் படிக்கட்டாக இருக்கும்.

உங்களுக்கு ஒரு வழி. வால்பரைசோவில் நீங்கள் வந்திறங்கும் பஸ் நிலையத்துக்கு எதிரில் நாடாளுமன்றக் கட்டடம். அதன் பக்கத்து ஆர்ஹென்தீனா அவென்யூவில் 612-ஆம் எண் உள்ளூர் பஸ் பிடியுங்கள். பழக்கத்தில் அதை ‘ஓ’ பஸ் என்றே சொல்கிறார்கள். குன்றுகளின் இடுப்பைச் சுற்றிப் போகும் அலெமானியா அவென்யூ வழியாகப் போகும்; கடல் பக்க ஜன்னலில் உட்காருங்கள். கவிஞர் நெருடாவின் வீடான லா செபஸ்தியானாவுக்குப் பக்கத்தில் இறங்கலாம். 1961-இல் அவர் குடிபுகுந்த வீடு. திங்கட்கிழமை மூடியிருக்கும், உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அங்கிருந்து ஃபெராரி தெரு வழியாக இறங்கினால் 1992-இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் வரும். தெருச் சுவர்களிலேயே 20 ஓவியங்கள்.

அப்பாவுக்கு இந்த இறக்கம் வேண்டாம். முழங்கால் வலிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கெடுதல். அவரை எல் பெரால் அசென்சோரில் கூட்டிப்போங்கள். தண்டவாளத்தில் சாய்வாக ஏறும் மரப்பெட்டி அது, பழநி விஞ்ச் போல. சொத்தோமாயோர் சதுக்கத்தின் ஓரத்தில், நீதிமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஏறவேண்டும். மேலே இறங்கினால் பாபுரிஸா மாளிகை வாசல், துறைமுகத்தைப் பார்த்த நடைமேடை, உட்கார பெஞ்சு. திரும்பவும் அதிலேயே இறக்கிவிடுங்கள். ஊரிலுள்ள இந்த அசென்சோர்கள் நூறாண்டுக்கும் மேல் பழையவை (கொன்செப்சியோன் குன்றில் இருப்பது 1883-ஐச் சேர்ந்தது), அதனால் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதுபார்ப்பில் இருக்கும். எது ஓடுகிறது என்று தங்குமிடத்தில் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்க எப்போது போகலாம்?

மதியத்துக்கு மேல். குளிர்ந்த கடலிலிருந்து வரும் மூடுபனி காலையில் ஊரையே சாம்பலாக்கிவிடும்; பெரும்பாலும் மதியத்துக்குள் கலையும். கோடையிலும் மாலைக் காற்று குளிரும், ஒரு ஜாக்கெட் கட்டாயம்.

வீடுகளுக்கு ஏன் இத்தனை வண்ணம்?

பல வீடுகளின் வெளிச்சுவர் துத்தநாகம் பூசிய நெளி இரும்புத் தகடு. உள்ளே மரச்சட்டமும் மண்ணும். உப்புக் காற்றில் தகடு துருப்பிடிக்கும், பெயின்ட் விட்டுப்போனால் ஓட்டை விழும். அதனால் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கப்பலுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ட்டைப் பூசியதில் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். தகட்டின் ஆணியோரம் உற்றுப்பாருங்கள்: மஞ்சள் உரிந்த இடத்தில் பச்சை, அதன் கீழ் நீலம், அடியில் செந்துரு. தூரத்து முழுக்காட்சியைவிட எனக்கு அதுதான் இந்த ஊர்.

சார், நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

“சின் கார்னே” என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி இல்லை என்றே புரிந்துகொண்டு கோழியோ, பன்றி இறைச்சியான ஹாமோ போட்டுத் தருவார்கள். “சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” (இறைச்சி, கோழி, ஹாம், மீன் வேண்டாம்) என்று நான்கையும் சொல்லுங்கள். சோமாசி போன்ற எம்பனாடாவில் ‘கேசோ’ என்றால் பாலாடைக்கட்டி, ‘பினோ’ மாட்டிறைச்சி. ‘பஸ்தெல் தே சோக்லோ’ பெயரில்தான் சோளம், உள்ளே இறைச்சி இருக்கும். சோள மடலில் அவித்த உமித்தா நல்லது, ஆனால் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, “தியெனே மந்தேகா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தயிர் சாதத்துக்கு சூப்பர்மார்க்கெட்டில் ‘நத்துரால், சின் அசூகார்’ என்று போட்ட யோகுர்; ‘நத்துரால்’ மட்டும் பார்த்து வாங்கினால் இனிக்கும்.

பாதுகாப்பு எப்படி?

பகலில் அலெக்ரே, கொன்செப்சியோன் குன்றுகளில் தைரியமாக நடக்கலாம். எச்சவுரென் சதுக்கப் பக்கமும் ஆளில்லாத படிக்கட்டுகளும் வேண்டாம்; இருட்டிய பின் எங்கும் டாக்சிதான். போனைக் கையில் நீட்டியபடி நடக்காதீர்கள். உங்கள் சட்டையில் ஏதோ கொட்டிவிட்டது என்று யாராவது துடைக்க வந்தால் நிற்காமல் போங்கள், அவருடைய கூட்டாளி உங்கள் பையைத் தூக்கத்தான் அது. போலீஸ் 133, ஆம்புலன்ஸ் 131.

கடலில் குளிக்கலாமா?

இந்தக் கரையோரம் ஓடுவது ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம், கோடையிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. மணல் வேண்டுமென்றால் பக்கத்து வின்யா தெல் மார், புவெர்தோ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் 20 நிமிடம். சான்டியாகோவில் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் காட்டும் பிப் அட்டை இங்கே செல்லாது. உள்ளூர் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

லேசான ஆட்டம் சிலியில் சகஜம். நிற்கவே முடியாத அளவு ஆடினால், ஆட்டம் ஓய்ந்ததும் சைரனுக்கோ போன் எச்சரிக்கைக்கோ காத்திராமல், கடலோரச் சமதளத்தை விட்டு மேலே போங்கள். கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம் போதும். தெருவோரச் சுனாமிப் பலகைகளின் அம்புக்குறி வழி காட்டும். அந்த நேரத்தில் அசென்சோர் வேண்டாம், படியில் ஏறுங்கள். அப்பாவோடு போகிறவர்கள் சமதளத்தில் இருக்கும்போதே பக்கத்துப் படிக்கட்டு எது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.