ஆறு சென்சர், ஆறு வெப்பநிலை: எதைத் திருத்துவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் மருந்துக் கடையின் ஆறு குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் தலா ஒரு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்) போர்டும் 10 கிலோ ஓம் என்டிசி (குளிர்ந்தால் மின்தடை கூடும் வெப்பநிலை சென்சர்) புரோபும் பூட்டியிருக்கிறேன். புரோப்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே பையிலிருந்து எடுத்தவை. ஆறையும் ஒரே தண்ணீர்க் குவளையில் விட்டால் 26.3 பாகையிலிருந்து 28.6 வரை காட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கோடில் (நிரலில்) ஒரு எண்ணைக் கூட்டிக் கழித்துச் சமப்படுத்தினேன். பெட்டிக்குள் வைத்ததும் மறுபடி விலகுகின்றன. விலை கூடிய சென்சர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டு வேறு பிழைகளை ஒரே எண்ணால் அடைக்கப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒன்று போர்டினுடையது, மற்றது புரோபினுடையது. போர்டை முதலில் முடியுங்கள்.

ஈஎஸ்பி32இன் ஏடிசி, அதாவது பின்னுக்கு வரும் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, ஒப்பிட்டு அளக்கும் உள் வோல்டேஜ் 1100 மில்லிவோல்ட் என்று சொல்லப்பட்டாலும், சிப்புக்குச் சிப் அது 1000 முதல் 1200 வரை இருக்கலாம். தொழிற்சாலையில் அளந்த திருத்தம் சிப்புக்குள்ளேயே பதியப்பட்டிருக்கும். வெறும் அனலாக்ரீட் அதைக் கண்டுகொள்ளாது. அனலாக்ரீட்மில்லிவோல்ட்ஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் வேலை செய்யாது என்பதால் ஏடிசி1 பின்களையே எடுங்கள்.

அடுத்து வயரிங். பலர் செய்வதுபோல 10 கிலோ ஓம் தடையியை 3.3 வோல்ட் பக்கமும் புரோபை கிரவுண்ட் பக்கமும் வைத்திருந்தால், 0 பாகையில் பின்னுக்கு வருவது ஏறக்குறைய 2.5 வோல்ட். இந்த ஏடிசியை நம்பக்கூடிய எல்லை 2.45 வோல்ட் வரைதான். அதற்கு மேல் அளவு வளைந்துவிடும். அறை வெப்பநிலையில் சரியாக இருந்தது குளிரில் விலகுவதற்கு இது ஒரு காரணம். இரண்டையும் இடம் மாற்றினால் அதே 0 பாகையில் 0.76 வோல்ட்தான் வரும். கோடில் சூத்திரத்தையும் மாற்ற மறக்க வேண்டாம்: 3.3இலிருந்து அளந்த வோல்டேஜைக் கழித்து, அந்த வோல்டேஜாலேயே வகுத்து, தடையியின் மதிப்பால் பெருக்குங்கள். 3.3 என்பதையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு போர்டிலும் மல்டிமீற்றரால் அளந்து உண்மையான எண்ணைப் போடுங்கள். தடையி 1 சதவீத மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும்.

இப்போது புரோபைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு 33 கிலோ ஓம் தடையியை ஆறு போர்டுகளிலும் மாறி மாறிப் பூட்டிப் பாருங்கள். எல்லாப் போர்டுகளும் ஒரே ஓம் மதிப்பைக் காட்ட வேண்டும். 1 சதவீத வேறுபாடு 0.2 பாகைக்குச் சமம், பரவாயில்லை. அதற்கு மேல் விலகும் போர்டுக்கு ஒரு பெருக்கு எண் கொடுங்கள். மல்டிமீற்றர் மலிவானதாக இருந்தாலும் இந்தச் சோதனை கெடாது. ஒரே தடையியை வைத்து ஒப்பிடுவதுதான் இங்கே வேலை.

இனிப் புரோப். மலிவான என்டிசியில் 25 பாகையின் மின்தடை 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும். அது 1.1 பாகைப் பிழை. அதைவிட மோசமானது பி மதிப்பு, அதாவது வெப்பநிலையோடு மின்தடை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைச் சொல்லும் எண். கடையில் 3950, 3435 இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். 3435 புரோபை 3950 என்று கணக்கிட்டால் 25இல் பிழையே தெரியாது, 0இல் 3 பாகை கூடக் காட்டும். கலந்து போட்ட பையில் இது சாதாரணம்.

ஆகவே இரண்டு புள்ளிகள் தேவை. முதலாவது பனிப்புள்ளி, அதாவது உருகும் பனிக்கட்டியின் 0 பாகை. சுத்திகரித்த போத்தல் தண்ணீரில் உறையவைத்த ஐஸை நன்றாக நொறுக்கி, தெர்மஸ் பிளாஸ்க் நிறைய அடைத்து, இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். கிளாஸில் நாலு கட்டி மிதந்தால் அது 0 பாகை அல்ல. அடித்தண்ணீர் 4 பாகை வரை இருக்கும். மீன் பெட்டி ஐஸ் உப்புப்பட்டிருக்கும், தொடவே வேண்டாம். ஆறு புரோப்களையும் நுனி சமமாக ரப்பர் பாண்டால் கட்டி, சுவரில் முட்டாமல் 10 சென்ரிமீற்றராவது இறக்கி, இடையிடையே கலக்கிக்கொண்டு, எண் அசையாமல் நிற்கும்வரை விடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். குறிக்க வேண்டியது ஓம் மதிப்பை, பாகையை அல்ல.

இரண்டாவது, அறை வெப்பநிலைத் தண்ணீர். இதற்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் உள்ள ஒரு வெப்பமானி வேண்டும். பௌத்தாலோக மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலோ, ஹோமாகமவில் உள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்திலோ விசாரியுங்கள். 0, 5, 30 பாகைகளில் திருத்தம் கேளுங்கள்.

கணக்கு: 0 பாகையில் 32,870 ஓம், 28 பாகையில் 8,700 ஓம் என்று வைப்போம். ஒன்றை மற்றதால் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் 1.3292. கெல்வினில் தலைகீழ்களின் வித்தியாசம், அதாவது 1/273.15 கழித்தல் 1/301.15, 0.00034039. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3905, இதுதான் அந்தப் புரோபின் பி மதிப்பு. கோடில் 25 பாகை, 10,000 ஓம் என்று இருக்கும் இடத்தில் 0 பாகை, 32,870 ஓம் என்று எழுதிவிடுங்கள். மருந்துக்குத் தேவையான 2 முதல் 8 பாகை வரம்பு பனிப்புள்ளிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், இரண்டாம் அளவில் சிறு பிழை வந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. சரிபார்க்க, பெட்டிக்குள் ஒரு தண்ணீர் போத்தலில் புரோபையும் வெப்பமானியையும் ஒன்றாக வைத்து 5 பாகை அளவில் ஒப்பிடுங்கள். 0.3க்குள் இருந்தால் போதும்.

பி மதிப்பு, 0 பாகையின் ஓம் மதிப்பு ஆகிய இந்த இரண்டு எண்களும் புரோபுக்குச் சொந்தம். வயரில் இலக்கம் ஒட்டி, எண்களைக் கோடுக்குள் அல்லாமல் பிரிபரன்ஸஸ் லைப்ரரி மூலம் போர்டின் நினைவகத்தில் இலக்கத்தோடு சேமியுங்கள். புரோப் இடம் மாறினால் எண்களும் கூடவே மாற வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பனிப்புள்ளியை மட்டும் பாருங்கள். குளிர்பெட்டிக்குள் ஈரம் வியர்த்து வயர் மூட்டு வழியாகப் புரோபுக்குள் இறங்குவது சகஜம். 1 மெகா ஓம் கசிவு இருந்தாலே 0.6 பாகை கூடக் காட்டும், பெட்டி உண்மையில் அதைவிடக் குளிராக இருக்கும். இன்சுலின் உறைந்துபோகும் ஆபத்து இந்தப் பக்கத்தில்தான். முன்பைவிட ஓம் குறைந்து வரும் புரோபுக்குப் புது எண் கொடுக்காமல், புரோபையே மாற்றுங்கள்.