‘ஏற்கெனவே இருக்கு!’ என்று டேபிள் அடம்பிடித்தால்: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் எக்செல் கோப்பை டேட்டாபேஸில் ஏற்றுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: ஏற்றப் போனால் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும், இரண்டு வரிக்கு ஒன்றாக இருக்கக் கூடாத மதிப்பு) இடிக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. மற்ற கேள்விகள் அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்கள் ஊர் வாசகசாலைப் புத்தகங்களை நானும் இரண்டு நண்பர்களும் எக்செலில் டைப் செய்து வைத்திருக்கிறோம். மொத்தம் 4,312 வரிகள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ‘புக்ஸ்’ என்று ஒரு டேபிள் போட்டு, புத்தகத்தில் அச்சாகியிருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணையே பிரைமரி கீ ஆக்கி, சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பாக) சேமித்து ஏற்றினோம். பிழை 1062, டூப்ளிகேட் என்ட்ரி ‘9.78813ஈ+12’ ஃபார் கீ ‘புக்ஸ்.பிரைமரி’ என்று நின்றுவிட்டது. தெரிந்த ஒருவர் ‘இக்னோர்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் பிழை போய்விட்டது. ஆனால் டேபிளில் இருப்பது 340 புத்தகம்தான்! மீதி எங்கே?
– நூலகத் தன்னார்வலர், தேனி மாவட்டம்

பதில்: பிழைச் செய்தியை வார்த்தை விடாமல் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பாதிப் பேர் ‘எர்ரர் வருது’ என்று மட்டும் எழுதிவிட்டு என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் துப்பு அந்த மேற்கோள் குறிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 9.78813ஈ+12 என்பது எந்தப் புத்தகத்தின் எண்ணும் இல்லை. (நடுவில் இருக்கும் ‘ஈ’ ஆங்கில எழுத்து.) பதின்மூன்று இலக்க எண்ணை எக்செல் தன் வசதிக்குச் சுருக்கிக் காட்டும் விதம் அது. திரையில் மட்டும் அப்படிக் காட்டினால் தொல்லை இல்லை, ஆனால் சிஎஸ்வியாக சேமிக்கும்போது உள்ளே இருக்கும் எண்ணை விட்டுவிட்டு திரையில் தெரிவதையே எழுதி வைத்துவிடும். இந்தியப் புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் பெரும்பாலும் 97881 என்றோ 97893 என்றோதான் தொடங்கும். முதல் ஆறு இலக்கம் மட்டும் மிஞ்சி மீதி எல்லாம் போய்விட்டால் என்ன ஆகும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 978810-இலிருந்து 978819 வரை, அதே மாதிரி அடுத்ததில் ஒரு பத்து, ரவுண்ட் செய்வதில் மேலே ஒன்றோ இரண்டோ. உங்கள் வாசகசாலையில் எத்தனை ஆயிரம் இந்தியப் புத்தகம் இருந்தாலும் இருபத்துச் சொச்சம் எண்களுக்குள் அடைபட்டுவிடும். டேபிள் ‘இது ஏற்கெனவே இருக்கு’ என்று சொன்னதில் தப்பே இல்லை.

அப்படியானால் 340 எப்படி ஏறியது என்கிறீர்களா? அதில் பெரும்பாலானவை பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன்னாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று இலக்கம் நடைமுறைக்கு வந்தது 2007 ஜனவரியில்தான். எக்செல் பதினோரு இலக்கம் வரை சுருக்காமல் காட்டும் என்பதால் பத்து இலக்கக்காரர்கள் தப்பித்தார்கள். அப்புறம், ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய புத்தகங்கள் எல்லாம் வெற்று மதிப்போடு வந்திருக்கும். வெற்று என்பதும் ஒரு மதிப்புதான், எனவே முதல் புத்தகம் உள்ளே, மற்றவை வெளியே.

‘இக்னோர்’ என்றால் இடிக்கும் வரிகளை விட்டுவிடு என்று அர்த்தம். அதைச் சேர்த்தபோது மைஎஸ்கியூஎல் உங்களை ஏமாற்றவில்லை. ஏற்றி முடித்ததும் ரெக்கார்ட்ஸ்: 4312, ஸ்கிப்டு: 3972 என்று ஒரு வரி வந்திருக்கும். சிவப்பாக எதுவும் இல்லை என்றதும் யாரும் அதைப் படிப்பதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘லோட் டேட்டா’ கட்டளையில் ‘லோக்கல்’ என்று போட்டு உங்கள் கணினியிலிருந்து கோப்பை அனுப்பினால், நீங்கள் கேட்காமலேயே அது இக்னோர் போலத்தான் நடந்துகொள்ளும். நடுவழியில் கோப்பை நிறுத்த சர்வருக்கு வழியில்லை, அதனால் இடிக்கும் வரியைத் தாண்டிப் போய்விடுகிறது.

சரி, சரிசெய்வது எப்படி? அந்த டேபிளைக் காலி செய்யுங்கள். மூல எக்செல் கோப்பு பத்திரமாக இருக்கிறதல்லவா, அதில் எண்கள் முழுசாகவே இருக்கும், ஏனென்றால் எக்செல் பதினைந்து இலக்கம் வரை துல்லியமாக வைத்துக்கொள்ளும். (பதினாறு, பதினேழு இலக்க எண்களை டைப் செய்பவர்கள் கவனம்: பதினைந்துக்கு மேல் வருவதை அது சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது.) ஐஎஸ்பிஎன் இருக்கும் ஃபீல்டு (நெடுவரிசை) முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டில் ‘நம்பர்’, தசமம் பூஜ்ஜியம் என்று மாற்றி, மறுபடி சிஎஸ்வியாக சேமியுங்கள். சேமித்ததை நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செலில் டபுள் கிளிக் செய்து ‘பார்த்துவிட்டு’ சேமித்தீர்களோ, பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஆனால் இதெல்லாம் செய்தாலும் மறுபடி 1062 வரும். உங்கள் வாசகசாலையில் ஒரே நாவல் மூன்று பிரதி இருக்காதா? மூன்றுக்கும் ஐஎஸ்பிஎன் ஒன்றே. அந்த எண் ஒரு பதிப்பைக் குறிக்கிறது, உங்கள் அலமாரியில் அட்டை கிழிந்து நிற்கும் அந்த ஒரு பிரதியை இல்லை. 1960-களில் வந்த புத்தகத்துக்கோ அந்த எண்ணே கிடையாது. இது எக்செல் கோளாறில்லை, கீயைத் தேர்ந்தெடுத்ததிலேயே கோளாறு. உங்களுக்கு வேண்டிய கீ ஏற்கெனவே கையில் இருக்கிறது: புத்தகம் வாங்கியதும் பதிவேட்டில் வரிசையாக ஓர் எண் போட்டு, அதையே புத்தகத்தின் முதல் பக்கத்தில் முத்திரையோடு எழுதுவார்களே, அந்தப் பதிவேட்டு எண். நூலகக்காரர்கள் கணினி வருவதற்கு முன்பே பிரைமரி கீயோடுதான் வாழ்ந்திருக்கிறார்கள். அதை பிரைமரி கீ ஆக்குங்கள், ஐஎஸ்பிஎன்னை வெற்றாகவும் இருக்கலாம் என்று சாதாரண ஃபீல்டாக விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு பழக்கம். எந்தக் கோப்பையும் நேராக நிஜ டேபிளில் கொட்டாதீர்கள். கீயே இல்லாத, எல்லா ஃபீல்டும் டெக்ஸ்ட்டாக இருக்கும் ஒரு தற்காலிக டேபிளில் முதலில் இறக்குங்கள். கீ ஆகப்போகும் ஃபீல்டை ‘குரூப் பை’ செய்து (ஒரே மதிப்புள்ள வரிகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணி), எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருப்பதை மட்டும் எடுங்கள். பத்துப் பதினைந்து வரிகளைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒரே சரக்கு இரண்டு தடவை வந்திருக்கிறதா, வெவ்வேறு சரக்குக்கு ஒரே எண் விழுந்திருக்கிறதா என்று. முதலாவது என்றால் ஒன்றைத் தூக்கலாம். இரண்டாவது என்றால் ஒன்றைத் தூக்கினால் தரவு போச்சு. ‘இக்னோர்’ என்ற வார்த்தைக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு டேபிள் செய்தேன். ஐடி தானாகவே ஏறும் ஆட்டோ இன்க்ரிமென்ட். 127 வரிகள் வரை ஒழுங்காகப் போனது. அடுத்த வரியில் டூப்ளிகேட் என்ட்ரி ‘127’. நான் ஐடியே கொடுக்கவில்லையே!
– மூன்றாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, ஐடி ஃபீல்டை ‘டைனிஇன்ட்’ என்று வைத்திருக்கிறீர்கள். ஒரே பைட், அதன் உச்சம் 127. மைஎஸ்கியூஎல் 128 கேட்கிறது, அது கொள்ளாமல் 127-லேயே முட்டி நிற்கிறது, அது ஏற்கெனவே இருக்கிறது. வகையை ‘இன்ட்’ என்று மாற்றுங்கள், இந்த ஐடியைச் சுட்டும் வேறு டேபிள்கள் இருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். ‘இன்ட்’டுக்கும் ஒரு கூரை உண்டு, 2147483647. பிழைச் செய்தியில் என்றைக்காவது இந்த எண்ணைப் பார்த்தால் இதே கதைதான் என்று புரிந்துகொள்ளுங்கள். ப்ராஜெக்ட்டில் பார்க்கமாட்டீர்கள்.

கேள்வி: எங்கள் கடை பில்லிங் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. புது சர்வருக்கு மாறும்போது பழைய பில்கள் 5,218-ஐயும் கோப்பாக எடுத்து ‘காப்பி’ கட்டளையால் ஏற்றினோம், ஒரு குறையும் இல்லை. காலையில் முதல் பில் போட்டால் ‘கீ ஐடி 1 ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’. திரும்ப அழுத்தினால் 2 ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ். அப்புறம் 3. பேய் மாதிரி எண்ணிக்கொண்டே போகிறது.
– ஹார்டுவேர் கடைக்காரர், ஈரோடு

பதில்: பேய் இல்லை, டோக்கன் மிஷின். போஸ்ட்கிரெஸில் அடுத்த ஐடி எது என்று டேபிள் முடிவு செய்வதில்லை, பக்கத்தில் ‘சீக்வன்ஸ்’ என்று தனியாக ஒன்று இருந்து டோக்கன் கிழித்துக் கொடுக்கிறது. நீங்கள் பழைய பில்களை ஐடியோடு சேர்த்தே ஏற்றினீர்கள், அதாவது 5,218 பேருக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். மிஷினிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் 1-லேயே இருக்கிறது. கிழித்த டோக்கன் செல்லாமல் போனாலும் மிஷின் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது, அதனால்தான் அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக ஏறுகிறது. 5,218 தடவை அழுத்தினால் தானாகவே சரியாகிவிடும் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கணக்குப்படி சரிதான், வேறு வேலை இல்லையென்றால் செய்யலாம்!

ஒரே வரி வேலை: ‘செட்வால்’ என்ற ஃபங்ஷனுக்கு அந்த சீக்வன்ஸின் பெயரையும் டேபிளில் உள்ள அதிகபட்ச ஐடியையும் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘பிஜி கெட் சீரியல் சீக்வன்ஸ்’ என்ற ஃபங்ஷன் சொல்லிவிடும். கடை திறப்பதற்கு முன், யாரும் பில் போடாத நேரத்தில் செய்யுங்கள். பில் டேபிளுக்கு மட்டும் செய்துவிட்டு நிற்காதீர்கள், வாடிக்கையாளர், சரக்கு என்று எதையெல்லாம் அப்படி ஏற்றினீர்களோ எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். மைஎஸ்கியூஎல்லில் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவது சகஜம், ஏனென்றால் அங்கே பெரிய ஐடி ஒன்றைக் கையால் கொடுத்தால் கவுன்ட்டர் தானே மேலே நகர்ந்துகொள்ளும்.

கேள்வி: இடித்தால் ‘ரிப்ளேஸ்’ போடு, வேலை முடிந்தது என்கிறார் என் டீம் லீடர். ஏன் நீங்கள் அதைச் சொல்வதே இல்லை?
– ஐடி ஊழியர், சென்னை

பதில்: சூடு பட்டதால். பல வருடம் முன்பு ஒரு டியூஷன் சென்டருக்கு வேலை செய்தபோது, மாணவர்களின் புது போன் நம்பர்களை ஏற்ற மைஎஸ்கியூஎல்லில் ரிப்ளேஸ் போட்டேன். சனிக்கிழமை ராத்திரி. போன் நம்பர்கள் அழகாக மாறின, திங்கட்கிழமை காலை பார்த்தால் அந்த மாணவர்கள் கட்டிய ஃபீஸ் ரசீது ஒன்றுகூட இல்லை. ரிப்ளேஸ் என்பது திருத்துவது இல்லை, பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. ரசீது டேபிளில் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ வைத்திருந்தேன், வைத்ததும் நான்தான்! மாணவர் அழிந்ததும் ரசீதும் கூடவே போய்விட்டது. வெள்ளிக்கிழமை பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். கேஸ்கேட் இல்லாவிட்டாலும் ஆபத்துதான்: கோப்பில் இல்லாத ஃபீல்டுகளில் பழைய மதிப்பு போய் டீஃபால்ட் வந்து உட்கார்ந்துவிடும்.

திருத்தத்தான் வேண்டும் என்றால் மைஎஸ்கியூஎல்லில் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’, போஸ்ட்கிரெஸில் 9.5-இலிருந்து, அதாவது 2016 முதல், ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்’. எந்த ஃபீல்டு மாற வேண்டுமோ அதை மட்டும் எழுதலாம். ஒன்று கவனியுங்கள், மைஎஸ்கியூஎல்காரர் பிரைமரி கீ என்றில்லை, எந்த யூனீக் கீ (மதிப்பு திரும்ப வரக்கூடாது என்று நீங்கள் குறித்து வைத்த ஃபீல்டு) இடித்தாலும் அப்டேட்டில் இறங்கிவிடுவார். போஸ்ட்கிரெஸ்காரர் கறார், எந்த ஃபீல்டு என்று நீங்கள் சொல்ல வேண்டும், ஒரே கட்டளைக்குள் ஒரே கீ இரண்டு தடவை வந்தால் ‘ஒரே வரியை இரண்டாவது முறை தொடமாட்டேன்’ என்று மொத்தத்தையும் நிறுத்திவிடுவார். எனக்கு அந்தக் கறார்தான் பிடித்திருக்கிறது. உங்கள் டீம் லீடரிடம் கேஸ்கேட் எங்கெல்லாம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஊர்ப் பெயரையே பிரைமரி கீயாக வைத்தேன், போஸ்ட்கிரெஸ். ‘கோவில்பட்டி’ இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இடிக்கவே இல்லை!
– கணக்கெடுப்புப் பணியாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யூனிகோடில் ‘கோ’ என்பதை ககரமும் ஓகாரக் குறி ஒன்றுமாக எழுதலாம். இல்லாவிட்டால் ககரம், முன்னே ஏகாரக் கொம்பு, பின்னே கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். எந்தக் கீபோர்டில் அடித்தார்கள், எந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும், போஸ்ட்கிரெஸ் பார்ப்பதோ பைட்டுகளை. இரண்டு வரிக்கும் எழுத்து எண்ணிக்கையைக் கேளுங்கள், ஒன்று கூடுதலாக இருக்கும். 13-ஆம் பதிப்பு முதல் ‘நார்மலைஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது, ஏற்றும்போதே அதன் வழியாக அனுப்பினால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும், அப்போது ஒழுங்காக இடிக்கும். பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்பேஸையும் கையோடு வெட்டிவிடுங்கள்.

அதோடு ஊர்ப் பெயரை கீயிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளாட்சிக் குறியீட்டு எண் ஒவ்வொரு கிராமத்துக்கும் இருக்கிறது, அதை வையுங்கள். கோவில்பட்டியைச் சரிசெய்த கையோடு ‘புதூர்’ வரும், தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.