யூரிக் ஆசிட் 'நார்மல்'... பெருவிரல் ஏன் வீங்கியது?

கேள்வி: எனக்கு 26 வயது. சனிக்கிழமை இரவு நண்பர்களோடு மட்டன் பிரியாணி, பீர். விடியற்காலை இடது கால் பெருவிரலின் அடிமூட்டில் வலி வந்து எழுந்துவிட்டேன். சிவந்து, பளபளவென்று வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. மறுநாள் பார்த்த யூரிக் ஆசிட் 6.1. "நார்மல்தான், இந்த வயசில் கவுட் வராது, சுளுக்கு" என்கிறார்கள். ஆறு நாளில் சரியாகிவிட்டது. அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் உண்டு. இதை இப்படியே விட்டுவிடலாமா? பருப்பையும் கீரையையும் நிறுத்த வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: விட்டுவிட வேண்டாம். தூக்கத்தில் தொடங்கி, ஒரே மூட்டைப் பிடித்து, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்குவது கவுட்டின் (யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் படிவதால் வரும் மூட்டழற்சி) வழக்கமான போக்கு. சுளுக்கு என்றால் கால் மடங்கியது நினைவிருக்கும்.

6.1 என்ற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூட்டு அழற்சி உச்சத்தில் இருக்கும்போது சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைக் கூடுதலாக வெளியேற்றுவதால், பலருக்கு அந்த நாட்களில் ரத்த அளவு இறங்கிவிடும். வலி முழுக்க அடங்கி 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 100 மி.லி. ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரேட் (யூரிக் ஆசிட்டின் உப்பு) கரைந்த நிலையில் நிற்காமல் மூட்டில் படிகமாகப் படியத் தொடங்கும். உடலில் குளிர்ந்த பகுதி என்பதால் கால்விரலுக்கு அந்த ஆபத்து அதிகம்.

அளவு கூடியிருந்தாலே கவுட் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த முறை வீங்கினால், வீக்கம் இருக்கும்போதே வாதநோய் நிபுணரிடம் போங்கள். மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. சோரியாசிஸ் தொடர்பான மூட்டழற்சியும், எலும்பில் மயிரிழை விரிசலும் இதே விரலில் இதே போலத் தோன்றலாம். வீக்கத்தோடு காய்ச்சல், குளிர்நடுக்கம் இருந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓரிரு நாள் தாமதம்கூட மூட்டை அரித்துவிடும்.

உங்கள் விஷயத்தில் பிரியாணியைவிட வயதுதான் முக்கியம். 30 வயதுக்குள் கவுட் வந்தால் 'என்ன சாப்பிட்டீர்கள்' என்பதோடு நின்றுவிடக் கூடாது. யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை), சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்தாக வேண்டும். அப்பாவுக்கு வந்தது யூரிக் ஆசிட் கல்லா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இளம் வயதில் சிறுநீரகம் பழுதானதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பரம்பரைக் குறைபாடுகள் சில இப்படித்தான் பிடிபடும். மருந்துகளையும் சொல்ல மறக்காதீர்கள். காசநோய்க்கான பைரசினமைடு, நீர் பிரியும் மாத்திரைகள், குறைந்த அளவு ஆஸ்பிரின் மூன்றுமே யூரிக் ஆசிட்டை ஏற்றும்.

மறுபடி வலி வந்தால் காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வீதம் சில தடவை ஒத்தடம் கொடுங்கள். சூடான எண்ணெய் போட்டு உருவிவிடுவது வேண்டவே வேண்டாம். சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பவர்களுக்கு நாப்ராக்சென் போன்ற வலி மாத்திரையை மருத்துவர் தருவார். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இன்னொரு வழி, அழற்சியை அடக்கும் கோல்சிசின்: முதலில் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி., அன்றைக்கு அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொன்று விழுங்கும் பழைய முறை ஆபத்தானது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் கோல்சிசினைத் தொடவே கூடாது. எந்த மருந்தானாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் தினசரி மாத்திரை தேவையா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2020 நெறிமுறை, முதல் தாக்குதலுக்கே பொதுவாகத் தொடங்க வேண்டாம் என்கிறது. சிறுநீரக பாதிப்போ, கல்லோ, 9-க்கு மேல் அளவோ இருந்தால் விலக்கு. ஐரோப்பியப் பரிந்துரை (2016), 40 வயதுக்குள் கவுட் உறுதியானவர்களுக்குச் சீக்கிரமே தொடங்கலாம் என்கிறது. இளம் வயதில் சோதனைகளை முடிக்காமல் 'அடுத்த தடவை பார்க்கலாம்' என்று தள்ளுவது சரியில்லை என்பதே எங்கள் எண்ணம். அலோபியூரினால் என்றால் 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, அளவு 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் சில மாதங்கள் பழைய படிகங்கள் கரையும்போது வலி மீண்டும் வரலாம். மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதைத் தடுக்கவே சிறு அளவு கோல்சிசினை 3 முதல் 6 மாதம் சேர்த்துத் தருவார்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சாம்பாரை விட்டுவிடாதீர்கள். பருப்பு, கீரை, காளானில் பியூரின் (உடலில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) இருந்தாலும் அவை கவுட்டைக் கூட்டுவதில்லை. விட வேண்டியவற்றில் முதல் இடம் பீருக்கு. பிறகு மற்ற மதுவகைகள், கோலா, பாட்டில் ஜூஸ், ஈரல், சுவரொட்டி, நெத்திலி, மத்தி. மோர், தயிர், பால் நல்லது. எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் யூரிக் ஆசிட் ஏறி வலியைக் கிளப்பும். ஆனால் எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் பெரும்பாலும் 1 மி.கி. அளவுக்குத்தான் இறங்கும்.

கேள்வி: வயது 24, பெண். மாஸ்டர் செக்கப்பில் யூரிக் ஆசிட் 6.9. வலி எதுவும் இல்லை. பெபுக்சோஸ்டாட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். வலியோ கல்லோ இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால், பெபுக்சோஸ்டாட் போல யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை பொதுவாகத் தேவையில்லை. அப்படி இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுவதால், உங்கள் வயதுப் பெண்களுக்கு அளவு கூடுவது சற்று அபூர்வம். அதனால் கிரியேட்டினினும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். செக்கப்புக்கு முன் இரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தீர்களா? அப்படியானால் வேறொரு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.